திருகாணியில் சிவப்பு

கம்சலாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், எங்கள் கடைக்கு நேரெதிரே, 2003 ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு அவள் கடை திறந்தாள். பெரிய கடை ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு அலுமாரி. ஆனால் வாசலுக்கு மேலே மூன்று மொழியிலும் எழுதிய பெயர்ப்பலகை இருந்தது. ‘கம்சலா ரேடியோ, டீவி திருத்துமிடம்.’ அதிலிருந்த முதல் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பலகையில் ‘ஜெயராசா’ என்று இருக்கும். ஜெயராசா என் கணவர். கடையின் முன்பக்கம் அவருடையது. நடுவில் பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால் நான், ஞானேஸ்வரி. எங்கள் வீடும் அங்கேதான். சாமானை வாங்கி வைப்பதும், “ரெண்டு நாள்ல வாங்க, பாத்துருவோம்” என்று சொல்வதும் அவர். அதைத் திறந்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்து, ஈயம் பற்றவைத்து மூடுவது நான். பதினான்கு வருஷமாக இப்படித்தான்.

கல்யாணமான புதிதில் அவர் தபால் மூலம் ரேடியோ படிக்கச் சேர்ந்தார். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு வரும். வாசித்துச் சொல்ல உட்கார்ந்தேன். மூன்றாவது பாடத்தில் அவருக்கு அலுத்துவிட்டது, எனக்குப் பிடித்துவிட்டது. கடைசியில் சான்றிதழ் அவர் பெயரில் வந்தது. கண்ணாடி போட்டு முன்பக்கச் சுவரில் மாட்டினோம்.

“பொம்பள கை வச்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் டீவியக் கொண்டாந்து வைக்கமாட்டான் ஞானம். சனங்க அப்படி,” என்றார். நானும் நம்பினேன். சனங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதே சனங்கள்தான் இப்போது கம்சலாவின் கடைவாசலில் நின்றார்கள். அவள் ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலை பெக்டரியில் வேலை. கொழும்பில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தாள். வயது இருபத்து நாலு. முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இரண்டாம் வாரம் டீவியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். திரையின் ஓரத்தை விலக்கி ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை ஓடவில்லை.

என் கணவருக்கு அவள்மேல் கோபம்கூட இல்லை. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஒரு பொம்பளப் புள்ள என்னமா வேல செய்யுது பாரேன். அந்தக் கையி நடுங்கவே மாட்டேங்குது.”

என் பெருவிரலில் காலையில் பட்ட ஈயச்சூடு அப்போதுதான் கொப்புளித்திருந்தது. குழம்புச்சட்டியை அவர் தலையில் கவிழ்க்காமல் இருந்ததற்கு யாராவது எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

சந்தின் முனையில் நிஸாம் நானாவின் கேம் கடை. இரண்டு கேரம் பலகை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு பழைய ஆளுயர மெஷின். அந்த மெஷின்தான் கடைக்கே உயிர். ஜப்பானிலிருந்து பழைய சாமான்களோடு கப்பலில் வந்தது. என் கல்யாணத்துக்கு முந்திய காலத்து மெஷின். நிஸாம் நானாவிடம் காசு கொடுத்து வாங்கிய வில்லையைப் போட்டால் திரையில் குட்டி விமானம் ஒன்று பறக்கும், நட்சத்திரங்களுக்கு நடுவே சுட்டுக்கொண்டே போகவேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தோட்டத்து இளவட்டங்களுக்கு அதுதான் வேண்டும். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான் போவார்கள்.

முந்தின தீபாவளிக்கு முன் அது முதல்முறை படுத்தது. என் கணவர் போய் உள்ளேயிருந்த பவர் போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக் கரண்டை வாங்கி ஐந்து வோல்ட்டாகக் குறைத்து, விளையாட்டு இருக்கிற கேம் போர்டுக்குக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் ஏற்பாடு அப்படி. போர்டு என்னிடம் வரும், மெஷினிடம் நான் போகமாட்டேன். பையன்கள் கூச்சல் போடுகிற இடத்துக்குக் குடும்பப் பெண் போவாளா? இருபது எட்டு வைத்தால் போய்விடுகிற தூரம். பதினான்கு வருஷத்தில் ஒருநாளும் போனதில்லை.

அந்தப் பழுது சுலபம். சும்மா அளந்தால் மீட்டர் ஐந்து வோல்ட் என்று நல்லபிள்ளையாகக் காட்டியது. மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை, கரண்டை இழுக்கட்டும் என்று பாரமாகக் கோர்த்தேன். உடனே மூன்றரைக்கு விழுந்துவிட்டது. ஒரு கண்டென்சர் தலை உப்பிப்போயிருந்தது. மாற்றினேன். பிறகு ஐந்து வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகாணியைச் சரியாக ஐந்தில் நிறுத்தி, மேலே என் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தேன்.

அந்தச் சொட்டுக்கு எங்கள் சந்தில் மரியாதை உண்டு. ஒருவர் அளந்து நிறுத்திய திருகாணியில் பூச்சு வைத்துவிட்டால் வேறு எந்தத் திருத்துகிறவரும் அதைத் தொடமாட்டார். தொட்டால், உனக்கு வேலை தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இந்தச் சந்தில் நான்கு கடை, நான்கு நிறம். சிவப்பு எங்களுடையது. ஜெயராசாவின் சிவப்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

கம்சலா கடை திறந்து ஒரு மாதத்தில் மெஷின் மறுபடி மக்கர் பண்ணியது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே படம் அணைந்து, முதலிலிருந்து தொடங்கியது. பவர் போர்டு என் மேசைக்கு வந்தது. பல்பைக் கோர்த்தேன், கால்மணி நேரம் எரியவிட்டேன். ஐந்து வோல்ட் அசையவில்லை. என் போர்டில் பழுதில்லை.

“திரும்ப மாட்டிட்டு, கேம் போர்டுகிட்ட அளந்து பாருங்க,” என்று கணவரிடம் சொல்லி, எந்த இரண்டு முனையில் மீட்டரை வைப்பது என்று படம் வரைந்து கொடுத்தேன்.

போய் வந்து, “நாலரைதான் காட்டுது,” என்றார்.

இங்கே ஐந்து, அங்கே நாலரை. வழியில் எங்கோ அரை வோல்ட் தொலைகிறது. “கம்பியும் போர்டும் சேர்ற எடத்துல ஒரு நீளமான கனெக்டர் இருக்கும். அதக் கழட்டிப் பாத்தீங்களா? கருகியிருக்கா?”

“பாத்தேன் பாத்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

அவர் கழற்றியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அது மெஷினின் முதுகுப்பக்கம் இருக்கிறது, குனிந்து தவழ்ந்து போகவேண்டும், அவருக்கு வேட்டி அழுக்காகும். நானே போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. திருகாணியை ஐந்தரைக்குக் கூட்டினேன். வழியில் அரை தொலைந்தால் தொலையட்டும், கடைசியில் ஐந்து போய்ச் சேர்ந்தால் சரி. மெஷின் ஓடியது. மூன்று வாரத்தில், வழியில் தொலைவது இன்னும் கூடி, மறுபடி நின்றது.

அன்றைக்கு நிஸாம் நானா எங்கள் கடைக்கே வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“கோவிச்சுக்காதீங்க ஜெயராசாண்ணே. இது மூணாவது தரம். அந்தக் கம்சலாப் புள்ளகிட்ட ஒருக்கா காட்டிப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நிதானமாக இருந்திருந்தால், கனெக்டரைக் கழற்றிக் கொண்டுவந்தால்தான் தொடுவேன் என்று கணவரிடம் சொல்லியிருப்பேன். அந்த நேரம் எனக்கு ஒரே நினைப்புத்தான்: மெஷின் இன்றைக்கே ஓடவேண்டும், அவளிடம் போகக்கூடாது. போர்டு வந்ததும் திருகாணியை ஆறு வோல்ட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அது தப்பு என்று கை சொன்னது. கேட்கவில்லை. சிவப்பை வழக்கத்தைவிடத் தடிப்பாக அப்பினேன்.

ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரேயடியாக நின்றது. நிஸாம் நானா இந்தமுறை எங்களிடம் வரவில்லை, நேரே எதிர்க்கடைக்குப் போனார்.

கம்சலா மெஷினிடம் போனாள். பையன்கள் சுற்றி நிற்க, மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாளாம். கனெக்டர் கருகிக் கரியாகிக் கிடந்ததாம். அதை வெட்டியெறிந்துவிட்டு, புதிதாகத் தடித்த கம்பி போட்டு, வேறு கனெக்டர் பற்றவைத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது என் கணவர் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் மாதிரி விவரித்தார். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு அது.

“நாலு மணிக்கு சுவிட்ச் போடப் போறாங்க. நிஸாம் எல்லாரையும் வரச் சொல்லியிருக்காரு,” என்றவர், பெருமையோடு இன்னொன்றும் சொன்னார். “அந்தப் புள்ள நல்ல புள்ள. என்னய ரோட்டுல பாத்து, ‘அண்ணே, அஞ்சு வோல்ட் ஸ்குரூவுல ஒங்க செவப்பு இருக்கு, சரியா செட் பண்ணுனதுதானே, நான் தொடலாமா’ன்னு கேட்டுச்சு. ‘அதெல்லாம் சரியாத்தான் இருக்கு, தொடாதம்மா’ன்னுட்டேன். நம்ம வேலைய எப்படி மதிக்குது பாத்தியா?”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அவரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்.

நான் எச்சில் தட்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு வோல்ட் தொலைந்துகொண்டிருந்த வரைக்கும் என் ஆறு வோல்ட் கேம் போர்டுக்கு ஐந்தாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது வழி சுத்தம். சுவிட்சைப் போட்டால் ஆறும் முழுதாகப் போகும். அந்தக் காலத்து சிப் எதுவும் ஐந்தேகால் வோல்ட்டைத் தாண்டினாலே பொறுக்காது. கேம் போர்டு செத்துவிடும். அதற்கு மாற்று இல்லை. நிஸாம் நானா கொழும்பு முழுக்கத் தேடி, ஜப்பானுக்கும் எழுதிப் பார்த்து, இல்லை என்று பதில் வாங்கியவர்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஊரே கூடி நிற்கும், அவள் சுவிட்சைப் போடுவாள், புகை வரும். நடுங்காத அந்தக் கை அப்போது நடுங்குமா இல்லையா, பார்க்கலாம். நாளைக்கே எதிர்க்கடை வாசல் வெறிச்சென்று கிடக்கும். கொழும்புப் படிப்பு, மூன்று மொழிப் பலகை, எல்லாம் அத்தோடு சரி. நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. தட்டுக் கழுவிக்கொண்டிருந்தால் போதும்.

தட்டுகளைக் கழுவினேன். சட்டியைத் தேய்த்தேன். மணி மூன்றே முக்கால். பஸ் நிலையத்தில் மொனராகலை பஸ்காரன் ஆள் கூப்பிடுவது கேட்டது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. போர்டு கருகினால் ஊர் என்ன சொல்லும்? “கம்சலா கருக்கிட்டா.” அப்படித்தானே சொல்லும்? பத்து வருஷம் கழித்தும் இந்தச் சந்தில் அதைச் சொல்வார்கள். ஆனால் கருக்கியது அவளா? திருகாணியைத் திருப்பியது நான். தெரிந்தே திருப்பியது நான். பதினான்கு வருஷம் நான் செய்த நல்ல வேலையெல்லாம் அவர் பெயரில் போனது. இப்போது என் தப்பும் இவள் பெயரிலா? அதையும் இவளே கொண்டுபோவாளா?

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெஷினுக்காகவோ அந்தப் பிள்ளைக்காகவோ நான் எழுந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. மேசையிலிருந்த மீட்டரையும் மோட்டார் சைக்கிள் பல்பையும் எடுத்துக்கொண்டேன். கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

கேம் கடை நிரம்பி வழிந்தது. வாசலில் நின்ற பையன்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். மெஷின் பக்கத்தில் நிஸாம் நானா, அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என் கணவர். கம்சலாவின் கை சுவரில் சுவிட்ச் மேல் இருந்தது.

“சுவிட்ச் போடாத!” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் கணவரின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. “ஞானம்! நீ எங்க இங்க வந்த?”

அவரைப் பார்க்காமல் கம்சலாவிடம் சொன்னேன். “அந்த ஸ்குரூ அஞ்சுல இல்ல. ஆறுகிட்ட இருக்கு. கனெக்டர் கருகுனதப் பாக்காம நான்தான் கூட்டி வச்சேன். இப்ப போட்டா கேம் போர்டு போயிரும்.”

“என்ன தங்கச்சி சொல்றீங்க?” என்றார் நிஸாம் நானா. “அது ஜெயராசாண்ணன் செட் பண்ணுனதில்லையா?”

என் கணவர் சிரித்தார். “அவ சும்மா, கடையில நான் பேசுனதக் கேட்டுட்டு...”

“எத்தன வோல்ட்டுல வச்சிருக்கீங்க? சொல்லுங்க பாப்போம்,” என்றேன்.

அவர் குனிந்து வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். நாலைந்து பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்சலா குனிந்து கேம் போர்டிலிருந்து கனெக்டரைப் பிடுங்கினாள். நான் பல்பை நீட்டினேன். அது எதற்கு என்று கேட்காமலே வாங்கி, பாரமாகக் கோர்த்து, மீட்டரை வைத்து, சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. மீட்டரில் ஐந்து புள்ளி ஒன்பது.

“அக்கா சொன்னது சரி,” என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. “செவப்பு இருந்ததுன்னு நான் அளக்காமலே விட்டுட்டேன். இத மட்டும் குடுத்திருந்தா அவ்வளவுதான்.”

நிஸாம் நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அதுவரை ஒரு பெண்ணையும் அதட்டி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அதட்டினார். “இந்தப் போர்டு போனா இன்னொண்ணு இல்லன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் இப்படித் திருகி வச்சிருக்கீங்களே தங்கச்சி! வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இதென்ன வெளையாட்டா?”

என் வேலைக்காக என்னைப் பார்த்து ஒருவர் பேசியது அதுதான் முதல்தடவை. கண்ணீர் முட்டியது. ஆனால் தலையைக் குனியவில்லை. “என் தப்புத்தான் நானா,” என்றேன். கனெக்டரை யார் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் துருதுருத்தது. சொல்லவில்லை. சொன்னால் பாதித் தப்பு அவர் பெயருக்குப் போய்விடும்.

கம்சலா ஒரு சின்னத் திருப்புளியை என் பக்கம் நீட்டினாள். “ஒங்க சீலு. நீங்களே ஒடைங்கக்கா.”

அத்தனை பேர் பார்க்க, முதல்முறையாக மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டேன். நகப்பூச்சைச் சுரண்டினேன். திருப்பினேன். ஐந்தரை, ஐந்தேகால், ஐந்து. கை நடுங்கியதா என்று கேட்டால், ஆம், நடுங்கியது. அவள் கனெக்டரை மாட்டினாள். நிஸாம் நானா பிஸ்மில்லா சொன்னார். திரையில் நட்சத்திரங்கள் வந்தன. பையன்கள் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

வெளியே வரும்போது கம்சலா என் பின்னாலேயே வந்தாள். “அந்தக் கண்டென்சர் மாத்துனதும் நீங்கதானாக்கா? அவ்வளவு சுத்தமா சோல்டர் வச்சத நான் கொழும்புலகூடப் பாக்கல. ஜெயராசாண்ணன் கையான்னு ஆச்சரியமா இருந்துச்சு.”

பதினான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதையும் இவள்தான் சொல்லவேண்டியிருந்தது. பாராட்டக்கூடத் தெரிந்திருக்கிறது இவளுக்கு என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். “ம்,” என்றுமட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றும் மறுநாளும் என் கணவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் திரைக்குப் பின்னால் ஒரு கேசட் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தேன். முன்பக்கம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. டீவியை மேசையில் வைக்கிற சத்தம்.

“வைங்க, ரெண்டு நாள்ல பாத்துருவோம்,” என்றார் என் கணவர், வழக்கம்போல.

“ஒங்ககிட்ட இல்லீங்க. கேம் மெஷின தப்பாத் திருகி வச்ச அக்கா இந்தக் கடையிலதான் இருக்காங்களாமே? அவங்ககிட்டத்தான் குடுக்கணும்.”

“தப்பாத் திருகுனவகிட்ட எதுக்குக் குடுக்குறீங்க?”

“தானே வந்து சொன்னாங்களாமே. எங்க வீட்டுப் பையன் பாத்துட்டு வந்து சொன்னான். இதுக்கு முந்தி மூணு எடத்துல குடுத்தேன். பழுதாக்குனவன் எவனும் பழுதாக்குனேன்னு சொல்லல.”

எதிர்க்கடையில் கம்சலா எதையோ சோதிக்க ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு என் கணவர் தொண்டையைச் செருமினார்.

“ஞானம்,” என்றார். “ஒன்னத்தான் கேக்குறாங்க.”

திரையை ஒருபக்கமாக ஒதுக்கி, அது திரும்ப விழாமல் ஆணியில் சொருகிவிட்டு வெளியே வந்தேன்.

“தப்பாத் திருகுனது நான்தான்,” என்றேன். “டீவிக்கு என்ன?”